வானத்துக்கு ஒரு ரூட்

பஸ் டிப்போவில் அவளுக்கு ஹாரன் அக்கா என்று பெயர். வண்டியில் ஹாரன் வேலை செய்யாத நாளிலும் அவளுக்கு முன்னால் தெரு வழி விட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் லாரிக்காரன்கூட ஓரம் கட்டுவான். அப்பேர்ப்பட்டவளை ஒரே ஒரு மருத்துவப் பரிசோதனையில், ஒரு மத்தியான வேளையில், ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிட்டார்கள்.

கண்தான். விழித்திரை ஓரத்திலிருந்து பட்டுப்போய்க்கொண்டே வருகிறதாம். நாலா பக்கமும் பார்வை சுருங்கி, நடுவில் சாவித் துவாரம் அளவுக்குத்தான் உலகம் மிச்சம். அந்தத் துவாரத்துக்குள் அகப்படுவது சுத்தமாகத் தெரியும், எழுத்துக்கூடப் படிக்கலாம். அதைச் சுற்றி ஒன்றுமே கிடையாது. துவாரமும் ஒருநாள் மூடும், என்றைக்கு என்று டாக்டருக்கும் தெரியாது.

"இருட்டுல பார்வை எப்பவோ போயிருக்கணுமே. ராத்திரியில நட்சத்திரம் தெரியுதாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் யோசித்தாள். முதல் டிரிப் எடுக்க விடிவதற்கு முன்னால் டிப்போவுக்கு நடந்துபோன காலத்தில் தலைக்கு மேலே நட்சத்திரம் இருந்தது. அப்புறம் பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு எப்போதாவது நிமிர்ந்து பார்த்தபோது மேலே வெறும் கறுப்புதான். ஊரெல்லாம் புகை, தெருவெல்லாம் விளக்கு, அதனால்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

வேலை போனதற்கு அழுதாள். நட்சத்திரம் போனது தெரிந்தபோது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்று வீட்டுக்காரரிடம் கத்தினாள். "சொல்லாம கொள்ளாம ஒரு வானத்தையே தூக்கிட்டுப் போயிருக்கு! நான் பாட்டுக்கு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்!"

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க நின்றுபோன பெட்டிகளுக்குள் மாட்டிக்கொண்டவர்களைச் சமாதானப்படுத்துகிறவர். கத்துகிற ஆளிடம் உடனே பதில் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தொழிலே கற்றுக்கொடுத்த பாடம். அவர் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வழி காட்டியது வெளியூரில் நர்ஸாக இருக்கும் மகள். காசே வேண்டாமாம், இலவசமாக ஒரு வான மென்பொருள் இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டால் வானம் முழுக்கத் திரையில் வந்து நிற்குமாம். மகள் படித்த காலத்துப் பழைய கம்ப்யூட்டர் கூடத்து மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அதற்கு இன்டர்நெட்டும் கிடையாது. வீட்டுக்காரர் கூட வேலை செய்கிறவரிடம் பென் டிரைவில் மென்பொருளை வாங்கிவந்தார். மகள் போனில் சொல்லச் சொல்ல மவுஸை அமுக்கினார். பாதியில் போன் நின்றுவிட்டது. மனுஷன் அசரவில்லை, திரை என்ன கேட்டாலும் 'அடுத்து', 'அடுத்து', 'சரி' என்று அமுக்கிக்கொண்டே போய் வேலையை முடித்துவிட்டார். இந்த 'அடுத்து'தான் பின்னால் எல்லோரையும் ஆட்டிவைத்தது.

திரையில் வானம் வந்த அன்றைக்கு அவள் மூச்சே விடவில்லை. நட்சத்திரத்தைப் பெரிதாக்கு என்றால் பெரிதாக்கியது. தரையை எடுத்துவிடு என்றால் எடுத்தது. பகல் வெளிச்சத்தைக்கூட அணைத்துவிடலாம், சூரியன் பாட்டுக்கு ஓரமாக நிற்க, பக்கத்திலேயே நட்சத்திரங்கள் மின்னும். உச்சி வெயிலில், தெருவில் தண்ணீர் லாரி இரைந்துகொண்டிருக்க, அவள் கூடத்தில் உட்கார்ந்து பட்டப்பகலில் நட்சத்திரம் பார்த்தாள்.

திரையின் ஒரு மூலையைப் பார்த்தால் மற்ற மூலை அவளுக்குத் தெரியாது. அதற்கும் அவளே உபாயம் கண்டுபிடித்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளத் தள்ளத் திரை சிறுத்தது, துவாரத்துக்குள் கூடுதல் வானம் அடங்கியது. தள்ளித் தள்ளிச் சமையலறைச் சுவரில் போய் முட்டினாள். அப்படியும் நடுப்பகுதிதான் கிடைத்தது, ஓரங்கள் கிடைக்கவில்லை. போனால் போகிறது, வானம் நடுவில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

மழைக்காலமும் பனிக்காலமும் முழுக்க அதுதான் வேலை. மனப்பாடம் செய்வதற்கு அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று, ரூட். வானத்துக்கும் ரூட் போட்டாள். எல்லாவற்றிலும் பெரிய நட்சத்திரமான சிரியஸ் பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து வலது பக்கம் மேலே ஏறினால் மூணு பேர் வரிசையாக நிற்கும் ஸ்டாப். அதைத் தாண்டி நேரே போனால் சிவப்பாக ரோகிணி. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் கொத்தாகக் கார்த்திகை, அங்கே டீ குடிக்கலாம். இருட்டினதும் வானம் எப்படி இருக்குமோ அந்த நேரத்துக்கு வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வாய்விட்டுச் சொல்லி, திறந்து சரிபார்த்துக்கொள்வாள்.

இதைத் தாங்கமுடியாதவர் ஒருவர் இருந்தார், அவளுடைய அண்ணன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடி விற்கிறவருக்குக் கண்ணைப் பற்றித் தெரியாததே கிடையாது என்பது அவருடைய எண்ணம், கண் டாக்டர் எதிரில் வந்தால் அவருக்கே பாடம் எடுப்பார். தங்கைக்குக் கண் கெடுகிறது என்று கேள்விப்பட்ட அன்று கடையில் இருந்த அத்தனை லென்ஸையும் அவள் மூக்கில் மாட்டிப் பார்த்தவர் அவர்தான். எதுவும் உதவவில்லை. அந்த வருத்தம் அவருக்குள் வருத்தமாக நிற்காமல் அதிகாரமாக மாறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து நிற்பார். "இருக்கிற கண்ணையாவது காப்பாத்திக்கணும்னு தோணுதா உனக்கு? எப்பப் பாரு கம்ப்யூட்டர். கண்ணுக்கு ஓய்வு குடு."

"ஓய்வு குடுத்தா நிக்குமா அண்ணே? நிக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஸ்கிரீன் பாக்குறதால ஒண்ணும் கெடாதுன்னும் சொல்லிட்டாரு."

"அவருக்கு என்ன தெரியும்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு பெரியவங்க சொன்னது உன்னை மாதிரி ஆளுக்குத்தான்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "கெட்ட பிறகா? கெடுறதுக்கு முன்னாடி அண்ணே, முன்னாடி! அதுக்குத்தான் இந்தப் பாடு படுறேன். கதவு சாத்தப் போறாங்கன்னு தெரிஞ்சா ஜாமானை உள்ள எடுத்து வைக்க மாட்டீங்களா?"

"உள்ள எடுத்து வச்சு என்ன பண்ணப் போற? பொம்மை வானம்! நிஜ வானத்துல ஒண்ணைக் காட்டு பாப்போம். மொட்டை மாடிக்கு வா. நீ கை காட்டு, நான் பாத்துச் சொல்றேன். ஒரு தப்பு இருந்தாலும் இந்தப் பெட்டி என்கூட வந்துடும்."

"வரட்டும். சரியா இருந்தா?"

"இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"அது நடக்குற காரியமா?" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக. மச்சான் முறைத்ததும் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் இருட்டினதும் மூன்று பேரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். மாசி மாதத்து வானம் பளிச்சென்று இருந்ததாம். அவளுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டுபோய்த் தெற்குப் பார்த்து நிறுத்தினார். அவள் கையை நீட்டி விரல்களை விரித்தாள்.

"அண்ணே, எதிர் மாடிச் சுவருக்கு மேல ஒரு சாணும் கொஞ்சமும். நேர் தெற்கு. பெரிசா ஒண்ணு, வெள்ளையா. இருக்கா?"

அண்ணன் அவள் விரலுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இருக்கு," என்றார் அண்ணன். குரல் உள்ளே போயிருந்தது. "அட, இருக்கே! நீ சொன்ன இடத்துலயே இருக்கு."

அத்தனை நாள் உள்ளே எடுத்து வைத்தது வெளியே நிஜமாகவே நிற்கிறது! "அதுதான் பஸ் ஸ்டாண்டு!" என்று மாடி அதிரக் கத்தினாள். "அங்க இருந்து வலது பக்கம் மேல ஏறுங்க. மூணு வரிசையா நிக்கும்."

"மூணா? ஒண்ணும் இல்லையே."

"நல்லாப் பாருங்க."

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன். அங்க வெறும் வெளி. மூணு வரிசையான்னா... இதோ, தலைக்கு மேல, நட்ட நடு உச்சியில மூணு இருக்கு. அதுக்குக் கீழ ஒண்ணு பளபளன்னு, நீ காட்டினதை விடப் பெரிசா இருக்கு."

"அதை விடப் பெரிசு வானத்துலயே கிடையாது அண்ணே!"

"கண்ணுக்கு முன்னால இருக்குன்னு சொல்றேன், கிடையாதுங்கிற? மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

வீட்டுக்காரர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "இருக்கும்மா. மேல இருக்கிறதுதான் பெரிசு," என்றார்.

அதற்குப் பிறகு அவள் காட்டிய எதுவும் சொன்ன இடத்தில் இல்லை. வடக்கே பாதி வானத்தில் துருவ நட்சத்திரம் என்றாள், அங்கே யாருமில்லை. ரோகிணி இடம் மாறியிருந்தது, கார்த்திகை எங்கேயோ போய்விட்டது. அவள் நீட்டிய கையை மடக்கவே இல்லை. அண்ணன்தான் கடைசியில் அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டார். ஜெயித்த சந்தோஷம் அவரிடமும் இல்லை. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான் என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றித் தன் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்.

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, கண்ணு போகுது, சரி. மண்டையும் சேர்ந்து போகுதா?" என்று கேட்டாள்.

"சேச்சே."

"பின்ன எப்படிங்க? முதல் ஸ்டாப் சரியா வந்துச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுகூட வரல. நான் ஒரு ரூட்டைத் தப்பாப் படிச்சதா சரித்திரமே கிடையாது." அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கண்ணை மூடினால் உள்ளே வானம் ஜம்மென்று நின்றது, ஆனால் அதை இனி நம்பலாமா என்றுதான் தெரியவில்லை. துவாரம் மூடிய பிறகு அவளுக்கு இருக்கப்போவது அது ஒன்றுதானே.

பயம் அவளிடம் ரொம்ப நேரம் தங்காது. காலையில் எழுந்ததும் கைக்கோலை எடுத்தாள். டிப்போவில் ஏறி, தான் ஓட்டிய அதே பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, "பிரேக்கை ஏன்ப்பா மிதிக்கிற, அமுத்து," என்று அந்தப் பையனுக்கு வழி நெடுக உபதேசம் செய்துகொண்டே அண்ணன் கடையில் போய் இறங்கினாள்.

"எங்க வந்த?" என்றார் அண்ணன்.

"நட்சத்திரம் பாக்க."

"பந்தயத்துல தோத்தியா இல்லையா?"

"தோத்தேன். பெட்டி உங்ககூட வரும்னுதான் பேச்சு, வந்துடுச்சு. நான் பாக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்? யோசிச்சுப் பாருங்க."

அண்ணன் யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான். கடையில் இரண்டு பேர் ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னால் ஹாரன் அக்காவோடு வாக்குவாதம் செய்கிற தைரியம் அவருக்கு இல்லை. "உள்ள போய்த் தொலை," என்றார்.

உள்ளே என்பது கண் பரிசோதிக்கும் அறை. அகலமில்லாமல் ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும். ஒரு கோடியில் வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை, அடுத்த கோடியில் ஆள் உட்காரும் நாற்காலி. வேறு இடம் இல்லாமல் அண்ணன் கம்ப்யூட்டரை அந்தப் பலகைக்குக் கீழே மேஜையில் வைத்திருந்தார். அவள் தடவித் தடவி எல்லாவற்றையும் முடுக்கினாள், வழக்கம்போல இருட்டின நேரத்துக்கு வைத்து வானத்தை வரவழைத்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து அந்தக் கோடி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

திரும்பிப் பார்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள். முழுத் திரையும் துவாரத்துக்குள் இருந்தது. நாலு மூலையும்! வீட்டுச் சமையலறைச் சுவர் தராத தூரத்தை இந்த அறை கொடுத்துவிட்டது. மாதக்கணக்காகத் துண்டு துண்டாகத் தைத்த வானம் ஒரே துணியாக விரிந்திருந்தது. அவளுக்குக் கண்ணீர் வந்தது. துவாரம் கலங்கிவிடுமே என்று அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தாள், அடியில் இடது மூலையில் வெள்ளையாக ஏதோ பொடி எழுத்து.

"அண்ணே!" சத்தத்தில் வெளியே ஒருவர் ஃபிரேமைக் கீழே போட்டுவிட்டார். "இங்க வாங்க! அடி மூலையில என்னமோ எழுதியிருக்கே, அது என்ன?"

அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். எழுத்துக் கூட்டி ஒரு ஊர்ப் பெயரைப் படித்தார், அது வாயிலேயே நுழையவில்லை. பக்கத்தில் மணி போட்டிருந்தது, அது கடைக் கடிகாரத்தோடு ஒத்துவரவில்லை.

"மணியை விடுங்க, அது இருட்டின நேரம். திறக்கும்போதெல்லாம் நான்தான் மாத்திக்குவேன். அது எந்த ஊரு?" என்றாள் அவள்.

அண்ணன் தன் போனில் தேடினார். அது கடல் தாண்டி, வடக்கே, பனி கொட்டுகிற தேசத்தில் இருக்கும் ஊர். மென்பொருள் வரும்போதே அந்த ஊரைத்தான் பிடித்துக்கொண்டு வருமாம். ஆரம்பத்தில் 'நீங்கள் எந்த ஊர்' என்று ஒரு கேள்வி கேட்கும், ஊரைச் சொன்னால் மாறிக்கொள்ளும். கேள்விக்கு லிஃப்ட் மெக்கானிக் சொன்ன பதில்: 'அடுத்து'.

"அந்தப் பாவி மனுஷன்!" என்றாள் அவள்.

"அப்ப நீ படிச்சது பூரா..."

"அந்த ஊர் வானம்!" அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். "மண்டை போகல அண்ணே! மண்டை ஒரு தப்பும் பண்ணல! ஊர்தான் தப்பு! வடக்க போகப் போக எல்லாம் சாய்ஞ்சுடும்ல? நமக்கு உச்சியில நிக்கிற மூணு பேரு அவங்களுக்குச் சரிஞ்சு நிப்பாங்க!"

அண்ணன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. திரைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மவுஸைத் தானே பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தங்கள் ஊரைத் தேடி எடுத்து 'சரி' என்று அமுக்கினார்.

வானம் அப்படியே சரிந்தது. துருவ நட்சத்திரம் தரைப் பக்கம் இறங்கியது. சிரியஸ் ஏறியது, மூணு பேர் உச்சிக்குப் போனார்கள். தெற்கே, அத்தனை நாள் திரைக்கு அடியில் புதைந்து கிடந்த இடத்திலிருந்து ஒரு நட்சத்திரம் மேலே வந்தது. ஒரு சாணும் கொஞ்சமும் ஏறி நின்றது.

"இதைத்தான் நான் பாத்தேன்," என்றார் அண்ணன். "நேத்து நீ முதல்ல காட்டினது இதைத்தான். பேரு போட்டிருக்கு, அகத்தியர்."

"குறுமுனி! அதுதான் இவ்வளவு கீழ நிக்கிறாரு. அந்த ஊர்க்காரங்களுக்கு இவரு கிடைக்கவே மாட்டாரு போல." அவள் மெல்ல உட்கார்ந்தாள். "பாத்தீங்களா, தெரியாத ஆளை நான் பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லியிருக்கேன். அவரும் பேசாம நின்னுருக்காரு."

அண்ணன் மவுஸைக் கீழே வைத்தார். "இத்தனை மாசம் பூரா போச்சே அம்மாடி," என்றார். "மறுபடி முதல்ல இருந்து படிக்கணுமே. அதுக்குள்ள..."

எத்தனையோ பேருக்கு இந்த அறையில் உட்கார்ந்து கண்ணைப் பற்றிய கெட்ட சேதி சொன்னவர், இதை மட்டும் பாதியில் விட்டுவிட்டார்.

"அதுக்குள்ள மூடிடும், அதானே? வாயத் திறந்து சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது." அவள் குரலில் பழைய டிப்போச் சத்தம் வந்துவிட்டது. "மூடட்டும். எப்ப மூடணும்னு அது முடிவு பண்ணிக்கட்டும். மூடும்போது உள்ள என்ன இருக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். வீணா ஒண்ணும் போகல, ஒரு ஊர் வானம் கையில இருக்கு. ரூட் மாத்தினா டிரைவர் வண்டியை விட்டு இறங்கிடுவாளா? புது ரூட்டைப் படிப்பா. இந்த நாற்காலி தினமும் எனக்கு வேணும். தர மாட்டேன்னு சொல்லிப் பாருங்க."

அண்ணன் எழுந்தார். எழுத்துப் பலகையில் எரிந்த விளக்கு திரையில் பளபளத்து அவளுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும், போய் அதை அணைத்தார். கதவை யாரோ தட்டினார்கள்.

"கண் டெஸ்ட் பண்ணணும் சார், அவசரம்," என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

அண்ணன் கதவை ஒரு விரற்கடை திறந்து தலையை மட்டும் நீட்டினார். "உள்ள ஆள் இருக்காங்க," என்றார். "பாத்துக்கிட்டு இருக்காங்க. முடியிற வரைக்கும் உக்காருங்க."

கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டுத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அறையின் அந்தக் கோடியில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "சிரியஸ், பஸ் ஸ்டாண்டு," என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.